ஓஹிஃப் வியூவரில் டூல்பார் பட்டன்களை நம் ஸ்கேன் சென்டருக்குத் தக்கபடி அமைப்பது

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ எடுத்த சி.டி. ஸ்கேனை மதுரை கே.கே. நகரில் இருந்துகொண்டே திறந்து ரிப்போர்ட் போடும் ஏற்பாடு இப்போது சாதாரணமாகிவிட்டது. சென்டரில் படங்களைச் சேமித்து வைக்க ஆர்த்தாங்க் மாதிரி ஒரு சர்வர், அதற்கு மேல் அவற்றைப் பிரவுசரில் திறந்து காட்டும் ஓஹிஃப் வியூவர். எம்ஐடி உரிமத்தில் வருவதால் லைசென்ஸ் செலவு இல்லை. நிறுவியதும் படம் வந்துவிடும். அதற்குப் பிறகு வரும் போன்களில் பாதி டூல்பாரைப் பற்றித்தான் இருக்கும். காப் ஆங்கிள் எங்கே போனது? க்ராஸ்ஹேர் ஏன் எப்போது பார்த்தாலும் மங்கலாகவே கிடக்கிறது? எக்ஸ்ரேயில் அளந்தால் மில்லிமீட்டருக்குப் பதில் பிக்சல் காட்டுகிறதே, ஏன்?

இந்தப் பதிவு ஓஹிஃபின் மூன்றாம் வரிசைப் பதிப்புகளுக்கானது, குறிப்பாக 3.8-க்குப் பிறகு வந்தவை. இரண்டாம் வரிசையில் கட்டமைப்பே வேறு, அதில் இது எதுவும் பொருந்தாது. கோடில் வரும் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எது எது என்று தெரிந்துவிடும். டைப் செய்யும்போது மட்டும் ஃபைலில் இருக்கும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பட்டன் வராது.

எந்த ஃபைலில் கை வைப்பது

முதலில் எல்லோரும் போய்த் தேடுவது ஆப் கான்ஃபிக் ஃபைலில். அங்கே டைகாம்வெப் முகவரி (மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவப் படங்களை வலை வழியே எடுக்கும் இடம்), ஸ்டடி லிஸ்ட், ஹாட்கீ எல்லாம் இருக்கும், டூல்பார் வரிசை இருக்காது. டூல்பாரைத் தீர்மானிப்பது "மோட்", அதாவது வியூவர் எந்தக் கருவிகளோடு திறக்க வேண்டும் என்ற தொகுப்பு. லாஞ்சிட்யூடினல் என்று ஒரு மோட் கூடவே வருகிறது. ஸ்டடி லிஸ்டில் பேஸிக் வியூவர் என்று காட்டுவது அதுதான். மோட் பில்டுக்குள்ளேயே கம்பைல் ஆகிவிடுவதால், பட்டனை மாற்ற வேண்டுமென்றால் சோர்ஸை எடுத்து மறுபடி பில்ட் செய்துதான் ஆக வேண்டும். ஆர்த்தாங்கின் ஓஹிஃப் ப்ளக்-இன்னை மட்டும் போட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதே நிலைதான். அதில் வருவது ஏற்கனவே பில்ட் ஆன வியூவர். கான்ஃபிக்கை மாற்றலாம், பட்டனைத் தொட முடியாது.

லாஞ்சிட்யூடினல் ஃபோல்டரிலேயே நேராகத் திருத்தும் ஆசை வரும். வேண்டாம். அடுத்த பதிப்பை இழுக்கும்போது மெர்ஜில் மாட்டிக்கொள்வீர்கள். நமக்கென்று தனி மோட் ஒன்றை உருவாக்குவதே நல்லது. நோட் 18-க்குக் குறையாமலும், யார்ன் 1-ஆம் வரிசையும் வேண்டும். சரியான எண் மூல ஃபோல்டரின் பேக்கேஜ் ஃபைலில் எஞ்சின்ஸ் வரியில் இருக்கும். சோர்ஸை க்ளோன் செய்து, யார்ன் வொர்க்ஸ்பேஸை இயக்கி, யார்ன் இன்ஸ்டால் முடித்ததும் "யார்ன் ரன் சிஎல்ஐ கிரியேட்-மோட்" என்று கொடுத்தால் பெயர், இடம் எல்லாம் கேட்டு ஒரு ஃபோல்டரை உருவாக்கித் தரும். அடுத்து "லிங்க்-மோட்" கட்டளைக்கு அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மோட் ஸ்டடி லிஸ்டில் எட்டிக்கூடப் பார்க்காது. லிங்க் ஆகிவிட்டதா என்று ப்ளக்இன்கான்ஃபிக் ஃபைலில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி உருவாகும் மோட் வெறும் எலும்புக்கூடு. அளவுகளைச் சேமிப்பது, எஸ்.ஆர். (அளவுகள் சேமித்த டைகாம் ரிப்போர்ட்) படிப்பது, எம்.பி.ஆர். (ஸ்கேனை மூன்று தளங்களிலும் வெட்டிக் காட்டுவது) எதுவும் இருக்காது. லாஞ்சிட்யூடினலின் சோர்ஸ் ஃபோல்டரில் உள்ள டூல்பார்பட்டன்ஸ், இனிட்டூல்க்ரூப்ஸ் ஃபைல்களையும், உங்கள் பதிப்பில் மோர்டூல்ஸ் என்று தனியாக இருந்தால் அதையும் நம் மோடுக்குள் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இன்டெக்ஸ் ஃபைலில் உள்ள எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதை மறந்தால், "எவால்யூவேட் ஃபங்ஷன் நாட் ஃபவுண்ட்" என்று கன்சோலில் ஒரு பிழை வந்து மோட் திறக்காமலே நிற்கும். பட்டன் கேட்கும் சோதனை எந்த எக்ஸ்டென்ஷனில் இருக்கிறதோ அது ஏறவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

மோடிலிருந்து வெளியேறும்போது ஓடும் ஆன்மோட்எக்ஸிட் பகுதியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். டூல் க்ரூப்களை அழிப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் முதல் ஸ்டடி ஒழுங்காகத் திறக்கும். லிஸ்டுக்குத் திரும்பி இரண்டாவது ஸ்டடிக்குப் போகும்போது, டிஃபால்ட் என்ற க்ரூப் ஏற்கனவே இருக்கிறது என்று கன்சோலில் எச்சரிக்கை வரும், பட்டன்கள் கண்டபடி நடந்துகொள்ளும். "ரெஃப்ரெஷ் பண்ணினால் சரியாகிவிடுகிறது சார்" என்று டெக்னீசியன் சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மூன்று இடத்திலும் பெயர் இருக்க வேண்டும்

டூல்பாரில் ஒரு பட்டன் தெரிந்து, அழுத்தினால் வேலையும் செய்ய, அதன் பெயர் மூன்று இடங்களில் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று, பட்டனின் வரையறை. இரண்டு, எந்தப் பட்டையில் எத்தனையாவதாக வரும் என்று சொல்லும் செக்ஷன் பட்டியல். மூன்று, அந்தக் கருவியைப் படத்தோடு இணைக்கும் டூல் க்ரூப். வரையறையும் பட்டியலும் இருந்து டூல் க்ரூப்பில் மட்டும் விட்டுப்போனால், பத்திரிகை வைத்து அழைத்துவிட்டுப் பந்தியில் இலை போடாத கதைதான்: பட்டன் வந்து நிற்கும், மங்கலாக. அதன் மேல் மவுஸை வைத்தால் இந்த வியூபோர்ட்டில் (படம் தெரியும் கட்டத்தில்) கிடையாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டும். தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வரையறை ஃபைலையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். குறை இருப்பது இனிட்டூல்க்ரூப்ஸில்.

காப் ஆங்கிளையே எடுத்துக்கொள்வோம். முதுகெலும்பு வளைவை அளக்கும் கருவி. ஆர்த்தோ டாக்டர் தினமும் கேட்பது, ஆனால் மோர் டூல்ஸ் மெனுவுக்குள் புதைந்து கிடக்கும். மேல்பட்டைக்குக் கொண்டுவர, அதன் வரையறையை மெனுவுக்குள்ளிருந்து எடுத்துத் தனிப் பட்டனாக வைக்க வேண்டும். ஐடி காப்ஆங்கிள். யுஐடைப், 3.8, 3.9 பதிப்புகளில் "ஓஹிஃப்.ரேடியோக்ரூப்", புதியவற்றில் "ஓஹிஃப்.டூல்பட்டன்". ப்ராப்ஸுக்குள் ஐகான், லேபிள், கமாண்ட்ஸ், எவால்யூவேட் என்று நான்கு. கமாண்ட்ஸில் "செட்டூல்ஆக்டிவ்டூல்பார்", எவால்யூவேட்டில் "எவால்யூவேட்.கார்னர்ஸ்டோன்டூல்".

ஐடிக்கு நம் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கக்கூடாது. கமாண்டில் டூல்நேம் தனியாகக் கொடுக்கவில்லை என்றால், பட்டனின் ஐடியையே கருவியின் பெயராக எடுத்துக்கொள்ளும். "மைகாப்" என்று வைத்தால் அப்படி ஒரு கருவி இல்லை என்று பட்டன் மங்கிவிடும். வேறு பெயர் வேண்டுமென்றால் கமாண்ட்ஆப்ஷன்ஸில் டூல்நேம் எழுதியாக வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு பொறி. லாஞ்சிட்யூடினலின் பட்டன்கள் முன்னால், நம்முடையவை பின்னால் என்று சேர்த்துவிட்டு, நம் பட்டியலில் ஜூமை மறுபடி வரையறுத்திருந்தால், அது சத்தமில்லாமல் தள்ளப்படும். ஒரே ஐடி இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. லேபிளை எத்தனை முறை மாற்றினாலும் பழையதே தெரிகிறது என்றால் இதைப் பாருங்கள். நம் பட்டியலை முன்னால் வைத்தால் தீர்ந்தது.

அடுத்தது செக்ஷன். மோடின் ஆன்மோட்என்டரில் ஐடிகளை வரிசையாகக் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். 3.8, 3.9 பதிப்புகளில் ஆட்பட்டன்ஸ், கிரியேட்பட்டன்செக்ஷன் என்று இரண்டு அழைப்புகள். பிந்தைய பதிப்புகளில் அவற்றின் பெயர் ரெஜிஸ்டர், அப்டேட்செக்ஷன் என்று மாறிவிட்டது. மேல்பட்டையின் பெயர் ப்ரைமரி. இதில் எழுதிய வரிசைதான் இடமிருந்து வலமாகத் திரையில் வரும். வரையறுக்காத ஐடியை இங்கே எழுதினால், பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பழையதும் புதியதும் கலந்து கிடப்பதால், ஒட்டுவதற்கு முன் உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

மூன்றாவது டூல் க்ரூப். இனிட்டூல்க்ரூப்ஸில் கருவிகள் ஆக்டிவ், பாஸிவ், எனேபிள்டு, டிஸேபிள்டு என்று நான்கு கூடைகளில் இருக்கும். ஆக்டிவில் மவுஸ் பட்டனோடு கட்டப்பட்டவை: இடது பட்டனுக்கு விண்டோ லெவல், நடு பட்டனுக்கு பான், வலதுக்கு ஜூம், சக்கரத்துக்கு ஸ்டாக் ஸ்க்ரோல். அளக்கும் கருவிகள் பாஸிவில் இருக்கும்; வரைந்த கோட்டைப் பிடித்து நகர்த்தலாம், புதிதாக வரைய பட்டனை அழுத்த வேண்டும். புதுக் கருவியைச் சேர்ப்பதென்றால் பாஸிவில் ஒரு வரி போதும்.

டூல் க்ரூப்பும் ஒன்று அல்ல. சாதாரண அடுக்குக்கு டிஃபால்ட், எம்.பி.ஆருக்கு ஒன்று, முப்பரிமாணத்துக்கு ஒன்று, எஸ்.ஆருக்கு ஒன்று. கமாண்டில் டூல்க்ரூப்ஐடிஸ் என்று டிஃபால்ட்டை மட்டும் எழுதிவைத்தால், எம்.பி.ஆருக்குள் போனதும் அந்தப் பட்டன் கைவிட்டுவிடும். நான்கையும் எழுதலாம், அல்லது அந்த வரியையே எடுத்துவிட்டால் இருக்கும் எல்லா க்ரூப்பிலும் முயன்று பார்க்கும், கருவி இல்லாத க்ரூப்பைத் தாண்டிவிடும். எடுத்துவிடுவதுதான் என் விருப்பம்.

மங்கல் எப்போது சரி, எப்போது பிழை

மங்கலான பட்டனெல்லாம் கோளாறு அல்ல. க்ராஸ்ஹேர் எம்.பி.ஆர். வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் ஒளிரும். மூன்று தளங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் காட்டும் கருவிக்கு ஒற்றை அடுக்கில் வேலை கிடையாது. இதைத் தீர்மானிப்பது எவால்யூவேட். வியூபோர்ட் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு பட்டனும், "இங்கே எனக்கு வேலை உண்டா?" என்று கேட்டுக்கொள்கிறது.

இதை நமக்குச் சாதகமாக்கலாம். எவால்யூவேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளை அடுக்கலாம். ஒன்று இல்லை என்றாலும் பட்டன் மங்கும். மோடாலிட்டி என்றால் சி.டி., எம்.ஆர்., எக்ஸ்ரே என்ற பட வகை. "எவால்யூவேட்.மோடாலிட்டி.சப்போர்ட்டட்" என்ற சோதனையில் சப்போர்ட்டட்மோடாலிட்டிஸ் என்று சி.டி.யை மட்டும் கொடுத்தால், எக்ஸ்ரே திறந்திருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்தவே முடியாது. டிஸேபிள்டுடெக்ஸ்ட்டில் காரணத்தைத் தமிழிலேயே எழுதிவைக்கலாம்: "சி.டி. படத்துக்கு மட்டும்." இந்த ஒரு வரி பல போன்களை மிச்சப்படுத்தும்.

மங்குவதற்குப் பதிலாகப் பட்டனை மறைத்துவிடவும் வழி இருக்கிறது. வேண்டாம் என்பேன். மறைந்தால் பக்கத்துப் பட்டன்கள் நகரும். நாளுக்கு நூறு படம் பார்க்கிறவர் பட்டனைப் படித்து அழுத்துவதில்லை, இடத்தை வைத்து அழுத்துகிறார்.

விண்டோ பட்டன்கள்

ரிங்ரோட்டில் அடிபட்டு ராத்திரி வரும் தலைக் காயத்துக்கு சி.டி. எடுத்தால், ரேடியாலஜிஸ்ட் குறைந்தது மூன்று விண்டோவில், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை விரியும் மூன்று வேறு எண் வரம்புகளில் பார்ப்பார். ஓஹிஃபில் ஐந்து முன்னமைவுகள் இருக்கின்றன: மென்திசு 400/40, நுரையீரல் 1500/-600, கல்லீரல் 150/90, எலும்பு 2500/480, மூளை 80/40. முதல் எண் அகலம், இரண்டாவது மையம், இரண்டும் சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில். இவை 1 முதல் 5 வரையுள்ள எண் விசைகளிலும் கிடைக்கும்.

இதில் இல்லாத ஒன்றைத் தலைக் காயத்துக்குச் சேர்க்க வேண்டும்: மூளை உறைக்கு அடியில் கசிந்த ரத்தத்தைப் பார்க்கும் சப்டூரல் விண்டோ. 80/40 என்றால் 0 முதல் 80 வரைதான் சாம்பல் நிறத்தில் பிரியும், அதற்கு மேல் எல்லாமே வெள்ளை. புதிதாகக் கசிந்த ரத்தம் சுமார் 50 முதல் 70 வரை இருக்கும், மண்டையோடு பல நூறு. மண்டையோட்டை ஒட்டி மெல்லிய படலமாக ரத்தம் இருந்தால், 80/40-இல் அதுவும் எலும்பும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகிவிடும். 200/75-க்கு மாற்றினால் −25 முதல் 175 வரை பிரியும். ரத்தம் சாம்பலாகவும் எலும்பு வெள்ளையாகவும் தனித்தனியே நிற்கும்.

பட்டன் வரையறை எளிது. ஐடி "சப்டூரல்விண்டோ" என்று நமக்குப் பிடித்ததை வைக்கலாம், ஏனென்றால் இது கருவி அல்ல, ஒரு தடவை நடந்து முடியும் செயல். டூல் க்ரூப் பக்கமே போக வேண்டாம். கமாண்ட் பெயர் செட்விண்டோலெவல், கான்டெக்ஸ்ட் கார்னர்ஸ்டோன், கமாண்ட்ஆப்ஷன்ஸில் விண்டோ 200, லெவல் 75. எவால்யூவேட்டில் "எவால்யூவேட்.ஆக்ஷன்", கூடவே மேலே சொன்ன சி.டி. சோதனை. கார்னர்ஸ்டோன்டூல் சோதனையைப் பழக்கதோஷத்தில் ஒட்டிவிட்டால், அப்படிப் பெயருள்ள கருவியைத் தேடிக் காணாமல் பட்டன் நிரந்தரமாக மங்கிவிடும்.

சி.டி. சோதனை ஏன் அவசியம் என்றால், எம்.ஆரிலும் எக்ஸ்ரேயிலும் பிக்சல் எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் பொருள் கிடையாது. அங்கே 80/40-ஐ அழுத்தினால் படம் முழுக் கறுப்பாகவோ முழு வெள்ளையாகவோ போய், "படம் காணாமல் போச்சு" என்று போன் வரும். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் ரீசெட் ஆகும் என்பதை அப்போது சொல்லிக்கொடுங்கள்.

குறுக்குவிசைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வரவேற்பு மேசையில் பெயரைத் தமிழில் அடிக்கும் கம்ப்யூட்டரிலேயே வியூவரையும் திறப்பார்கள். தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால் ஜூம், இன்வர்ட், ரொட்டேட் போன்ற ஒற்றை எழுத்து விசைகள் வேலை செய்யாமல் போகும். பிரவுசருக்குப் போய்ச் சேருவது தமிழ் எழுத்து. எண் விசைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பார்க்காமல் ஹாட்கீ செட்டிங்கைக் கிளற வேண்டாம்.

எக்ஸ்ரேக்கு வேறு பட்டை

எல்லா மோடாலிட்டிக்கும் ஒரே பட்டை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சி.டி.க்கு ஒரு மோட், எக்ஸ்ரேக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் இரண்டு பட்டையுமே சின்னதாகிவிடும். மோடின் இஸ்வேலிட்மோடில் மோடாலிட்டிகள் பின்சாய்கோடு இட்ட ஒரே வரியாக வரும். அதைப் பிரித்து, எக்ஸ்ரேயின் குறிகளான சி.ஆர். அல்லது டி.எக்ஸ். இருந்தால் மட்டும் சரி என்று திருப்பி அனுப்பினால், மற்ற ஸ்டடிகளுக்கு அந்த மோட் மங்கலாகிவிடும். பழைய சி.ஆர். ரீடரோ கேமரா பிடித்து அனுப்பும் மென்பொருளோ இருந்தால், எக்ஸ்ரேயே ஓ.டி. (மற்றவை) என்ற குறியோடு வரலாம். நாலைந்து ஸ்டடியைத் திறந்து டேக் பிரவுசரில் 0008,0060 என்ற டேகைப் பார்த்துவிட்டு விதியை எழுதுங்கள்.

எக்ஸ்ரே பட்டையில் நீளம், கோணம், காப் ஆங்கிள், இன்வர்ட், ஜூம், பான், காலிபரேஷன், ரீசெட். இவ்வளவு போதும்.

காலிபரேஷன் லைன் கருவியைப் பலரும் மெனுவின் அடியில் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் அது நீளத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டைகாமில் பிக்சல் இடைவெளியே இல்லாமல் வரும் படத்தில் அளவு பிக்சலில்தான் வரும். இமேஜர் பிக்சல் ஸ்பேஸிங் இருந்தாலும், அது டிடெக்டர் தளத்தில் எடுத்த அளவு. குழாயிலிருந்து டிடெக்டர் 100 செ.மீ. தூரம், எலும்பு டிடெக்டருக்கு 10 செ.மீ. மேலே என்றால், நிழல் 100/90 மடங்கு, அதாவது 11 சதவீதம் பெரிதாக விழும். 45 மி.மீ. உள்ளது 50 என்று காட்டும். இடுப்பு மூட்டுக்கு இம்பிளான்ட் அளவு பார்க்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

கால் காசு செலவில்லாத வழி: பத்து ரூபாய் நாணயம். விட்டம் 27 மி.மீ. எலும்பு இருக்கும் உயரத்தில், உடலுக்குப் பக்கவாட்டில், ஒரு ஃபோம் துண்டின் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மேசை மேல் வைத்தால் பலனில்லை, உயரம்தான் விஷயமே. காலிபரேஷன் பட்டனை அழுத்தி நாணயத்தின் குறுக்கே கோடு இழுத்து 27 என்று கொடுத்தால், அந்தப் படத்தின் அளவுகள் சரியாகும். நாணயம் சாய்ந்திருந்தால் நீள்வட்டமாகத் தெரியும். நீளமான விட்டத்தில் இழுக்க வேண்டும்.

ஹரிஸான்டல் ஃப்ளிப்பை எக்ஸ்ரே மேல்பட்டையில் வைக்காதீர்கள். மார்பு எக்ஸ்ரேயில் தவறி ஒரு அழுத்து, இதயம் நோயாளியின் வலப்பக்கம் இருப்பதுபோல் ஆகிவிடும். டெக்னீசியன் ஒட்டிய ஈய மார்க்கரும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும், கவனித்தால் தெரியும். அதையும் ஓரத்தில் வெட்டி எடுத்த படமென்றால் அடையாளமே இருக்காது. டைகாமில் பேஷன்ட் ஓரியன்டேஷன் காலியாக இருந்தால் வியூவரும் இட-வல எழுத்தைக் காட்டாது. மெனுவுக்குள் இருக்கட்டும். ஃப்ளிப்புக்கு ஒரு எழுத்து விசையும் உண்டு, எக்ஸ்ரே சென்டரில் அதையும் எடுத்துவிடுவது மேல்.

மிச்ச நுணுக்கங்கள்

1366-க்கு 768 திரையுள்ள லேப்டாப்பில் எட்டு ஒன்பது பட்டனுக்கு மேல் போனால் பட்டை நெருக்கும். மெனுவோடு கூடிய பட்டன்களில் சேர்த்து வைக்கலாம், ஆனால் கடைசியாகத் தேர்ந்தெடுத்த கருவி அதன் முகப்புக்கு வந்துவிடும். காலையில் நீளமாக இருந்தது மாலையில் பைடைரக்ஷனலாக (நீளம், அகலம் இரண்டையும் அளக்கும் கருவி) நிற்கும். ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் பயன்படுத்தும் இடத்தில், அதிகம் தேவைப்படும் இரண்டு அளவைக் கருவிகளையாவது மெனுவுக்கு வெளியே தனிப் பட்டனாக வையுங்கள். பானும் வெளியேதான் இருக்க வேண்டும். நடு மவுஸ் பட்டனில் கட்டியிருக்கிறது, லேப்டாப் டச்பேடில் நடு பட்டனுக்கு எங்கே போவது?

எம்.பி.ஆருக்குப் போகும் லேஅவுட் பட்டனை மேல்பட்டையில் வைக்கும்போது லைன் வேகத்தையும் கணக்கில் எடுங்கள். 512-க்கு 512 அளவுள்ள ஒரு சி.டி. ஸ்லைஸ் சுருக்காமல் அரை எம்பி. 600 ஸ்லைஸ் என்றால் 300 எம்பி. எம்.பி.ஆர். முழுமையாகத் தெரிய எல்லாம் வந்து சேர வேண்டும். 20 எம்பிபிஎஸ் லைனில் இரண்டு நிமிடம். இழப்பில்லாத சுருக்கத்தில் அனுப்பினால் சுமார் பாதியாகும். பட்டன் வேலை செய்யவில்லை என்று சொல்வது பல நேரம் படம் இன்னும் இறங்கவில்லை என்பதுதான்.

கேப்சர் பட்டன் படத்தை ஜேபெக்காக இறக்கித் தரும். அடுத்த நிமிடம் அது வாட்ஸ்அப்பில் இருக்கும். அல்ட்ராசவுண்டில் நோயாளியின் பெயரும் வயதும் படத்திலேயே பதிந்திருக்கும் என்பதால், அந்த மோடில் கேப்சரை நீக்கிவிடலாம்.

டூல்டிப்பைத் தமிழில் எழுதினால் டெக்னீசியன்களுக்கு உதவும். வியூவரின் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. விண்டோஸில் நிர்மலா யுஐ-யை எடுத்துக்கொள்ளும், பிரச்சினை வராது. லினக்ஸ் போட்ட ரீடிங் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு நிறுவியிருக்காவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் சரி. ஐகான் பெயரைத் தவறாக எழுதினால் "மிஸ்ஸிங் ஐகான்" என்றோ வெறும் இடமாகவோ வரும். அதற்கும் எழுத்துருவுக்கும் சம்பந்தமில்லை.

பில்டும், போகாத பழைய பட்டனும்

சோதித்துப் பார்க்க "யார்ன் ரன் டெவ்" கொடுத்தால் 3000-ஆம் போர்ட்டில் ஓடும். ஆர்த்தாங்க் 8042-இல் இருப்பதால் பிரவுசர் கோர்ஸ் தடையை (வேறு முகவரியிலிருந்து தரவு எடுக்க விடாத பாதுகாப்பு) காட்டும். "யார்ன் ரன் டெவ்:ஆர்த்தாங்க்" என்று கொடுத்தால் இடையில் ப்ராக்ஸி வைத்துச் சமாளித்துக்கொள்ளும். திருப்தியானதும் "யார்ன் ரன் பில்ட்". ப்ளாட்ஃபார்ம் ஃபோல்டரில் ஆப் என்பதற்குள் டிஸ்ட் உருவாகும், அதை என்ஜின்எக்ஸில் வைத்தால் முடிந்தது. பில்டுக்கு முன் ஆப்_கான்ஃபிக் சூழல் மாறியில் நம் கான்ஃபிக் ஃபைலின் பாதையைக் கொடுக்க மறந்தால், டெமோ சர்வரின் ஸ்டடி லிஸ்ட் வந்து நிற்கும்.

சர்வரில் புதிது ஏறியும் டாக்டர் திரையில் பழைய பட்டன்களே தெரிவது மிக வழக்கம். வியூவர் ஒரு சர்வீஸ் வொர்க்கரைப் பிரவுசரில் நிறுவுகிறது, அது பழைய பில்டைப் பிடித்து வைத்திருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் சேர்த்து அழுத்திப் பாருங்கள். போகவில்லை என்றால் டெவலப்பர் டூல்ஸில் அப்ளிகேஷன் தாவல், சர்வீஸ் வொர்க்கர்ஸ், அன்ரிஜிஸ்டர், பிறகு அந்தத் தளத்தின் சேமிப்பை அழிப்பது. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் இதைச் செய்யாமல் இருக்க, என்ஜின்எக்ஸில் இன்டெக்ஸ் பக்கம், ஆப்-கான்ஃபிக், சர்வீஸ் வொர்க்கர் ஆகிய மூன்று ஃபைல்களுக்கும் நோ-கேஷ் ஹெட்டர் போட்டுவிடுங்கள். மற்ற ஃபைல்களின் பெயரில் ஹாஷ் இருப்பதால் அவை கேஷில் இருந்தாலும் பாதகமில்லை.

ஒப்படைக்கும் முன் ஒரு சி.டி., ஒரு எக்ஸ்ரே, ஒரு அல்ட்ராசவுண்ட் மூன்றையும் அடுத்தடுத்து திறந்து, லிஸ்டுக்குத் திரும்பி மறுபடி திறந்து, எம்.பி.ஆருக்குள் போய் வந்து, எஃப்12 கன்சோல் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று முதலில் வரும் அறிவிப்பைக் கான்ஃபிக்கில் அணைக்க முடியும். அணைக்கலாமா என்பதை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். கம்ப்யூட்டர் ஆள் தானாக முடிவெடுக்கிற விஷயம் இல்லை அது.